சிறுவர் கவலையும் அதற்குரிய சொல்லும்

இளமைப் பருவம் கவலையற்ற பருவம் என்பது முதியோர் பலர் கொண்ட துணிபு. பிள்ளைக்கு உழைக்கும் பாரம் இல்லை. கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன் இல்லை. நாளைய அடுப்பைப் பற்றிய எண்ணம் இல்லை. ஆகலின் அதற்குக் கவலையும் இல்லை என அவர் முடிவு செய்வர். தம் இளமையை நினைக்குங்கால் அதன் இனிமையை மட்டும் நினைந்து, அக்காலத்து இரவுகளிற் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்தமையை மறந்துவிடுதலே இம்முடிவுக்குக் காரணம். உண்மை வேறு. பிள்ளைக்குக் கவலை உண்டு. அதனைச் சொல்லுதற்குரிய சொல்லே இல்லை. சொல் இல்லாத கவலை பெரியோர் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாதது இல்லையென்றே கருதப்படுகின்றது. சிறுவர்தம் கவலையைத் தாமே அறிந்து எடுத்துரைக்கப் பெற்றோரும் ஆசிரியரும் துணைபுரியுமாறு யாது என்பதை, மலைநாட்டின் ஒரு மூலையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலப்பிட்டியிலிருந்து அற்றனை நோக்கி மலையேறும் புகையிரதப் பாதையில், கலபொடைக்கும் றொசெல்லைக்கும் இடையே உள்ளது வட்டவளை. கினிகத்தேனை வழியாக நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலையும் அவ்வூரைத் தொட்டே செல்லும். தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகத்தில் வந்து மோதும் இடம் ஆகலின், இலங்கையில் மிகுந்த மழை பெறும் ஊர்களுள் அஃது ஒன்று. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்டது. வைகாசி தொடங்கி ஆவணி கழியுமட்டும் மலைமுகடுகள் முகிலுக்குள் மறைந்திருக்கும். அம்மழையில் நனைந்தே தாய்மார் கொழுந்து பறிப்பர். நனைந்தே பிள்ளைகள் பாடசாலை செல்வர். சுற்றியுள்ள தோட்டங்களிற் பல குடும்பங்கள் இன்றும் லயத்துக் காம்பராக்களிலேயே வாழ்கின்றன. ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவிற் கேட்கும். பெரியோர் தம்முட் பேசும் கடனும் பிணக்கும் நோயும் பிரிவும் ஆகிய அனைத்தும் பிள்ளையின் காதில் விழும். விழுவன யாவும் கேட்பினும், பிள்ளைக்கு விளங்குவன சிலவே. பாதி கேட்டுப் பாதி விளங்காத நிலையிலேதான் கவலை விதையூன்றுகின்றது.

இரண்டாம் வகுப்பிற் கற்கும் பிள்ளை ஒன்றைக் கருதுக. மழை மிகுந்த காலை வேளைகளில், முதற்பாடம் முடியுமுன் அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். "வயிறு வலிக்குது டீச்சர்" என்னும். மருந்து கொடுத்தாலும் தீராது. வீட்டுக்கு அனுப்பினால் வழியிலேயே தீர்ந்துவிடும். வெயில் எறிக்கும் நாளில் அவ்வலி வருவதில்லை. ஆசிரியர் இதனைக் கள்ளம் என்பர்; வீட்டார் செல்லம் என்பர். வலியோ பொய்யன்று. தாய் மலைக்குப் போயிருக்கிறாள், மழை பெய்கிறது, மண் சரிந்து பிள்ளைகளோடு வீடு புதைந்த கதையை இரவு பெரியோர் பேசினர். இம்மூன்றையும் அப்பிள்ளையின் உள்ளம் ஒன்றாகக் கோத்துக்கொண்டது. கோத்ததைச் சொல்ல அறியாமையால் வயிறு சொல்லிற்று. இத்தகைய பிள்ளை இல்லாத வகுப்பு அரிது.

உள்ளத்து நிகழ்ச்சி உடலிற் புலப்படும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். அகத்தில் நிகழ்வது காண்பார்க்குத் தெரியுமாறு மெய்யின்கண் தோன்றுதலே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என அவை எட்டு. ஒவ்வொன்றும் எவ்வெப் பொருள் பற்றிப் பிறக்கும் என்பதையும் நான்கு நான்காக அவர் பிரித்துக் காட்டினார். செய்யுளின் பொருட்டு எழுந்த அவ்வாராய்ச்சி வகுப்பறைக்கும் விளக்காகும் தகைமை உடையது. வாய் பேசுமுன் உடல் பேசும் என்பதை அறிந்த ஆசிரியரே, வயிற்றுவலியையும் தலையிடியையும், நகங் கடித்தலையும், பாயை நனைத்தலையும், திடீரென எழுந்த முரட்டுத்தனத்தையும் மெய்ப்பாடாகப் படிக்க வல்லவர் ஆவர்.

அச்சத்துக்குத் தொல்காப்பியம் கூறும் நிலைக்களன்கள் நான்கு. அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலாக நிற்கும் இறை என்பன அவை. தோட்டத்துப் பிள்ளையிடம் இந்நான்கும் இன்றும் உள்ளன. இருளில் உலவும் முனியும் காட்டேரியும் அணங்கின்பாற் படும். தேயிலைத் தொழிற்சாலையிற் சுழலும் சக்கரத்துக்கும் ரோதமுனி என ஒரு காவல் தெய்வத்தை வழிபட்ட மக்களின் பிள்ளைகள் அவர். விலங்கு என்புழி, தேயிலைச் செடிகளிடையே பதுங்கும் சிறுத்தையும், காலிற் பற்றும் அட்டையும், யாவற்றினும் மேலாகக் குளவியும் அடங்கும். கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டுதலும் அதனால் உயிரிழப்பு நேர்தலும் மலைநாட்டில் அடிக்கடி கேட்கும் செய்திகள். தனக்குக் குளவி கொட்டும் என்று பிள்ளை அஞ்சுவதினும் தாய்க்குக் கொட்டிவிடும் என்று அஞ்சுதலே மிகுதி. கள்வர் என்றமையால் அறியாத மாந்தரைப் பற்றிய அச்சம் பெறப்படும். இறை என்பது அரசனை மட்டும் குறித்து நிற்பதன்று. தன்னை ஒறுக்க வல்லார் யாவரும் பிள்ளைக்கு இறையே. பிரம்பு எடுத்த ஆசிரியரும், சாராயம் அருந்தி இரவில் வீடு திரும்பும் தந்தையும் அதனுள் அடங்குவர்.

அழுகைக்கு அவர் கூறிய நிலைக்களன்களும் நான்கே. பிறரால் இழிவுறல், உரியதை இழத்தல், முன்னை நிலை திரிதல், வறுமை என்பன அவை. நகரத்துப் பாடசாலையிற் சேர்ந்த முதல் நாளில் 'தோட்டத்தான்' என்று பிறர் நகைக்கக் கேட்ட பிள்ளை இழிவுற்றது. தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றுவிட, அம்மாயியின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு உறங்கும் பிள்ளை இழந்தது. கொழும்பில் உழைத்த தந்தை தொழில் இழந்து திரும்பிய வீட்டிலுள்ள பிள்ளை நிலைமாற்றத்தை உணர்ந்தது. காலையிற் சாயத்தண்ணீர் மட்டும் குடித்து வந்து, இடைவேளையிற் பிறர் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது வெளியே சென்று நிற்கும் பிள்ளை வறுமையை அறிந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த அப்பட்டியலை வகுப்பறையில் வைத்துப் படித்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு முகம் தோன்றும்.

அச்சமும் கவலையும் ஒன்றேபோலத் தோன்றினும் வேறானவை. அச்சம் கண்முன் நிற்கும் பொருளைப் பற்றியது. கவலை இன்னும் வாராததைப் பற்றியது. சிறுத்தையைக் கண்டு ஓடுதல் அச்சம். நாளை சிறுத்தை வருமோ என்று விழித்துக் கிடத்தல் கவலை. முன்னதற்கு முடிவுண்டு, பின்னதற்கு எல்லை இல்லை. சிறுவரிடத்து இது மேலும் விரிவடைதற்குக் காரணம் அவர்தம் சிந்தனை முறையே. சுவிற்சர்லாந்து நாட்டு உளநூலார் பியாசே, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உலக நிகழ்ச்சிகளைத் தம்மை நடுவாக வைத்தே விளங்கிக்கொள்வர் என்பதைத் தம் ஆய்வுகளாற் காட்டினார். சந்திரன் தம்மைத் தொடர்ந்து வருகின்றது என்று கருதும் பிள்ளை, தாய் தன்னை விட்டுப் போனதும் தன்னாலேயே என்று கருதும். "நான் சண்டை பிடிச்சதாலதான் அம்மா போயிட்டாங்க" என்னும் எண்ணம் பல உள்ளங்களில் ஒளிந்து கிடக்கின்றது. பெரியோர்க்கு இது பொருளற்றதாகத் தோன்றும். தோன்றுதலினாலேயே அவர் அதனை வினவுவதில்லை. வினவாமையாற் பிள்ளையும் சொல்வதில்லை. துன்பத்தோடு பழியையும் தானே சுமக்கும் பிள்ளைக்கு, "உன்னால் அன்று" என்னும் ஒரு சொல்லினும் பெரிய மருந்து இல்லை. அச்சொல்லை உரிய இடத்திற் சொல்வதற்கு, அதன் உள்ளத்திற் கிடப்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இவ்விடத்துப் பெரியோர் செய்யும் பிழைகள் நான்கு. முதலாவது அதட்டல். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்பதனாற் கவலை நீங்குவதில்லை, அழுகை மட்டும் நீங்கும். இரண்டாவது நகைத்தல். பிள்ளையின் அச்சத்தை அயலார்முன் எடுத்துரைத்துச் சிரித்தால், அது மறுமுறை வாய் திறவாது. மூன்றாவது பொய்யுரைத்தல். தாய் வெளிநாட்டுக்குப் புறப்படும் விடியற்காலையிற் பிள்ளையை உறங்கவிட்டு, எழுந்தபின் "கடைக்குப் போயிருக்கா, வந்துருவா" என்று சொல்லுதல் பல இல்லங்களில் நிகழ்வது. அன்பினாற் சொல்லிய பொய்யே அது. ஆயினும், அன்று முதல் கடைக்குப் போகின்ற ஒவ்வொருவரும் திரும்பி வாரார் என்னும் கவலை அப்பிள்ளையிடம் குடிபுகும். நான்காவது அச்சத்தையே கருவியாகக் கொள்ளுதல். உண்ணாத பிள்ளைக்கு முனியையும், உறங்காத பிள்ளைக்குப் பிள்ளை பிடிப்பவனையும் காட்டிப் பணிய வைப்போர், பின்னர் அதே பிள்ளை இருளில் முற்றத்துக்கு இறங்க மறுக்குங்கால் சினத்தல் நியாயமன்று.

மலைநாட்டு மக்கள் துன்பத்தைச் சொல்லும் வழி அறியாதவர் அல்லர். அவர்தம் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து உலகறியச் செய்தவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. தாயொருத்தி தன் வாழ்க்கைச் சுமையைத் தொட்டிலருகே தாலாட்டாகப் பாடி ஆறுவாள். இழவு வீட்டில் ஒப்பாரியாகப் பாடி ஆறுவாள். 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், இந்தியா செல்வோரை ஏற்றித் தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மலைநாட்டு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் இட்டனர். பெரியோரின் துயரத்துக்கு ஒரு வடிவம் இருந்தது. அதனைப் பாடுதற்கு ஒரு களமும் இருந்தது. உடனிருந்து அழுதற்கு உறவினரும் இருந்தனர். அதே மேடையிற் பெட்டி படுக்கைகளிடையே நின்ற பிள்ளைக்கு அவற்றுள் எதுவும் இருந்ததில்லை. தாலாட்டைக் கேட்கும் வயது கழிந்து, ஒப்பாரி பாடும் வயது வாராத இடைக்காலமே சிறுவர் பருவம். அவ்விடைக்காலத்துக்கு உரிய சொல்லையும் களத்தையும் அமைத்துக் கொடுத்தலே வீட்டினதும் பாடசாலையினதும் கடன்.

கவலைக்குப் பெயரிடுதலால் விளையும் பயன் யாது என வினவலாம். பெயரற்ற பொருள் எங்கும் பரந்து நிற்கும். பெயர் பெற்றபின் ஓர் எல்லைக்குள் அடங்கும். 2007 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மத்தியூ லீபர்மனும் அவருடன் ஆய்ந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அச்சமும் சினமும் தோன்றும் முகங்களின் படங்களை வளர்ந்தோர்க்குக் காட்டி, அம்முகத்தின் உணர்ச்சிக்குரிய சொல்லைத் தெரிந்தெடுக்கச் செய்தபோது, அச்சவுணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் கிளர்ச்சி தணிந்தமை அவ்வாய்வில் தெரியவந்தது. சொல்லிய துன்பம் பாதியாகும் என்று பாட்டிமார் அறிந்திருந்த ஒன்றை, மூளையின் படமும் ஒருவாறு சான்று காட்டிற்று எனலாம்.

அச்சொல் எம்மொழியிலிருந்து வரல் வேண்டும் என்பது அடுத்த வினா. ஈண்டே ஆசிரியர் பலர் வழுக்குகின்றனர். 'பதற்றம்', 'மனவுளைச்சல்', 'மன அழுத்தம்' என்பன நூலுக்கு ஏற்ற சொற்கள். ஏழு வயதுப் பிள்ளையின் நாவுக்கு ஏற்றன அல்ல. அப்பிள்ளையிடம் வீட்டு மொழி ஒன்று உள்ளது. 'பக்குபக்குன்னு இருக்கு', 'நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது', 'வயித்தக் கலக்குது', 'ஒரு மாதிரியா இருக்கு', 'மனசு கெடந்து அடிச்சுக்குது' என்பன அம்மொழியின் சொற்கள். இவை கொச்சை என்று திருத்தப்படுவன ஆகா. திருத்தும் பணிக்குக் கட்டுரைப் பாடவேளை உண்டு. கவலையைச் சொல்லும் வேளையில் ஒரு சொல்லைத் திருத்தினால், பிள்ளை அடுத்த சொல்லை விழுங்கிவிடும். உடலில் எங்கு, எவ்வாறு உணர்கின்றது என்பதை இச்சொற்கள் நுட்பமாகக் காட்டுதலையும் நோக்குக. அவற்றையே ஏற்று, அவற்றினின்று 'பயம்', 'ஏக்கம்', 'வெட்கம்', 'கோபம்' என்னும் பொதுச்சொற்களுக்குச் சிறிது சிறிதாக அழைத்துச் செல்லுதலே முறை.

இனி, செய்யும் வகை. முகத்துக்கு நேரே அமர்ந்து "உன் கவலை என்ன, சொல்" என்று வினவுதல் நீதிமன்ற விசாரணை போன்றது. கைகள் ஏதேனும் ஒன்றிற் பழகிக்கொண்டிருக்குங்காலே பிள்ளையின் வாய் எளிதில் திறக்கும். வீட்டில் தலைவாரும் வேளையும், அடுப்படியில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேளையும், மலைப்பாதையில் உடன் நடக்கும் வேளையும் ஏற்றன. பாடசாலையில் சித்திரப் பாடவேளையும் கூட்டித் துப்புரவு செய்யும் வேளையும் உதவும். "என்ன சாமி, மொகம் வாடியிருக்கு?" என்று ஒரு பாட்டி கேட்பதில் வினாவும் பரிவும் ஒருங்கே உள்ளன. கண்டதைக் கூறி, காரணத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுதல் நன்று. "மழை பெய்ற நாள்லதான் உனக்கு வயிறு வலிக்குது மகள், நான் பாத்தேன்" என்று ஆசிரியை சொன்னால், கள்ளம் பிடிபட்டது என்ற எண்ணம் பிள்ளைக்கு எழாது. தன்னை ஒருவர் கவனித்தார் என்ற ஆறுதல் எழும். அதன்பின் காத்திருத்தல் வேண்டும். மறுமொழி அன்றே வரவேண்டும் என்பதில்லை.

சொல் வாராத பிள்ளைக்கு வேறு வழிகள் உள. வீட்டைக் கரிக்கோலால் வரையச் செய்க. யாரை முதலில் வரைந்தது, யாரை விட்டது, யாரை மிகச் சிறிதாக்கியது என்பதை ஆசிரியர் பொருள்கூறித் தீர்ப்பளிக்க முற்படாது, "இவங்க யாரு? என்ன செய்றாங்க?" என்று மட்டும் கேட்டால் போதும். களிமண்ணாற் குளவிக்கூடு செய்து உடைக்கலாம். கந்தற்றுணியாற் பொம்மை கட்டி அதனைப் பேச வைக்கலாம். தன் கவலையைத் தன்னதென்று சொல்ல நாணும் பிள்ளை, பொம்மையின் கவலையாகத் தடையின்றிச் சொல்லும். மாசி மாதத்துக் காமன் கூத்தைப் பார்த்து வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேடம் புனைதல் புதிதன்று. கவலை எவ்வளவு என்பதை அளக்கவும் பழக்கலாம். "இன்னைக்குப் பயம் கடுகு அளவா, மாங்காய் அளவா, மலை அளவா?" என்று கேட்டால், நேற்று மலையாக இருந்தது இன்று மாங்காய் ஆயிற்று என்பதைப் பிள்ளையே கண்டு வியக்கும். கவலை கூடும், குறையும், கழியும் என்னும் அறிவு இதனாற் பிறக்கின்றது.

சொல்லுதலோடு கருமம் முடிவதில்லை. சொல்லப்பட்ட கவலையை இரு கூறாக்கிக் காட்டல் வேண்டும். ஏதேனும் செய்து குறைக்கத்தக்கது ஒன்று. செய்ய ஒன்றுமில்லாது பொறுக்கத்தக்கது மற்றொன்று. மழை பெய்தலைப் பிள்ளையால் நிறுத்த முடியாது. நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், புதிய இடத்தில் நீர் கசிதல் ஆகியன மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்பதைக் கற்க முடியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் என்பதையும், விடுத்தால் வீட்டார் எங்குச் செல்வர் என்பதையும் முன்னரே பேசி வைக்க முடியும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலைத் திருவள்ளுவர் அறிவின்பாற் படுத்தினார். ஆகவே, மழைக்கு அஞ்சும் வட்டவளைப் பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லுதல் பொருத்தமன்று. எதற்கு அஞ்சுவது, எப்பொழுது அஞ்சுவது, அஞ்சினால் யாரிடம் ஓடுவது என்பவற்றைக் கற்பித்தலே பொருத்தம்.

ஏதமற்ற பொருளுக்கு அஞ்சும் பிள்ளையைப் படிப்படியாகப் பழக்குதல் பிறிதொரு முறை. 1924 இல் அமெரிக்க உளநூலார் மேரி கவர் யோன்சு என்பார், முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவனை அவ்வாறு பழக்கினார். சிறுவன் விரும்பி உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் அண்மைக்குக் கொணர, ஈற்றில் அவன் அதனைத் தொட்டு விளையாடினான். இருளுக்கு அஞ்சும் பிள்ளையை ஒரேநாளில் இருட்டறையில் விடுதல் கொடுமை. முதலில் இஸ்தோப்பில் ஒருவர் துணையாக நிற்றல், பின்னர் முற்றத்தில் நிற்றல், பின்னர் குரல் கேட்கும் தொலைவிற் சென்று வருதல் என ஒவ்வோரடியாக அழைத்துச் செல்லலாம். ஒவ்வோரடியையும் எப்பொழுது எடுப்பது என்பதைப் பிள்ளையே தீர்மானித்தல் நலம்.

பிரிவினால் வரும் கவலைக்கு உண்மையே மருந்து. உலகப்போர்க் காலத்து இலண்டனில் அன்னா பிராய்டும் டொறதி பேளிங்கமும் சிறுவர் காப்பகங்களை நடத்தித் தாம் கண்டவற்றை 1943 இல் நூலாக வெளியிட்டனர். குண்டுவீச்சினும் தாயைப் பிரிதலே பல குழந்தைகளை மிகுதியாக வருத்தியது என்பது அவர்கள் கண்ட முடிவு. தாய் வெளிநாடு செல்லும் இல்லங்களுக்கு இது பொருந்தும். போவதற்குப் பல நாள் முன்னரே தாய் தன் வாயால் அதனைப் பிள்ளைக்குச் சொல்லல் வேண்டும். எங்குப் போகிறாள், ஏன் போகிறாள், யார் சோறு ஊட்டுவார், எந்த நாளில் தொலைபேசியிற் பேசுவாள் என்பன தெளிவாதல் வேண்டும். உறுதியற்ற நாளைச் சொல்லி வாக்களித்தல் ஆகாது. நாட்காட்டியிற் பேசும் நாளைக் குறித்தலும், தாயின் சேலை ஒன்றைப் பிள்ளைக்கென வைத்துச் செல்லுதலும் சிறியன போலத் தோன்றினும் பெரிய துணையாவன. புறப்படும் வேளையிற் பிள்ளை அழும். அவ்வழுகையைக் கண்டு செல்லுதல் தாய்க்கு அரிது. எனினும், விழித்தெழுந்து வெறும் பாயைத் தடவும் பிள்ளையின் துயரத்தினும் அஃது எளிது.

ஊர் முழுவதையும் தாக்கும் பேரிடர் வேறு வகையானது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்வேளையிற் பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடும் இல்லை; சிலர்க்கு வீட்டாரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டிட்வா' புயலின்போது மலைநாடெங்கும் மண் சரிந்தது. நாடளாவிய நிலையில் 600 இற்கும் மேற்பட்ட உயிர்கள் இழக்கப்பட்டன. இவற்றை நேரிற் கண்ட பிள்ளைகளும், கைப்பேசியிற் கண்ட பிள்ளைகளும் இன்று ஒரே வகுப்பில் அமர்ந்துள்ளனர். இவர்களை நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தல் தீங்கு பயக்கும். பேரிடர்க்குப் பின்னர் உடனடியாக வேண்டுவன பாதுகாப்பும், உணவும், அறிந்த முகங்களும், விரைவில் திரும்பும் நாளாந்த ஒழுங்கும் ஆம். மணியடித்தலும் பாடவேளை தொடங்கலும் கூட அந்நிலையில் மருந்தாகின்றன. சொல்ல விரும்பும் பிள்ளைக்குச் செவி கொடுத்தலும், விரும்பாத பிள்ளைக்கு விளையாட இடங்கொடுத்தலுமே போதியன. போர் நடந்த காலத்தில், 1996 இல், மட்டக்களப்பில் அருட்டந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் பிறரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடக்கினர். களிமண்ணும் வண்ணமும் கதையும் ஆடலும் கொண்டு வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் அங்கே ஒருங்குகூடித் தம் துன்பத்தைத் தாம் விரும்பிய வடிவில் வெளியிட்டனர். மலைநாட்டுப் பாடசாலை ஒன்றும் அவ்வளவு பெரிய பூங்காவை அமைத்தல் இயலாதெனினும், வகுப்பறையின் ஒரு மூலையும், வாரத்தில் ஒரு பாடவேளையும் எப்பாடசாலைக்கும் இயலும்.

சொல்லின் எல்லையையும் உணர்தல் கடன். பசித்த பிள்ளையின் கவலைக்கு மருந்து உணவு, பேச்சன்று. அடிக்கும் கைக்கு அஞ்சும் பிள்ளைக்கு அக்கையை நிறுத்துதலே உதவி. பிள்ளை தன் கவலையைக் கூறுமுன் "யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" என்று கேட்டால், மாட்டேன் என்று வாக்களித்தல் தவறு. "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்லுமுன் உன்னிடம் கூறுவேன்" என்பதே நேர்மையான விடை. வன்முறையோ தகாத தீண்டலோ வெளிப்படுமாயின், 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. உறக்கமின்மை, உணவு மறுத்தல், பாடசாலைக்கு வர மறுத்தல், தன்னையே வருத்திக்கொள்ளுதல் ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால், ஆசிரியரின் பரிவு மட்டும் போதாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். உளநலத்துக்கு மருத்துவரை நாடுவது இழிவென்று எண்ணும் பெற்றோர் இன்றும் உளர். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவது இழிவாகாதவாறே இதுவும் இழிவாகாது என்பதை அவர்க்கு உணர்த்துதலும் ஆசிரியர் பணியே.

நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பில், பாடத்திட்டம் பின்னின்று துரத்த, புலமைப்பரிசிற் பரீட்சை முன்னின்று அழைக்க, இவற்றுக்கெல்லாம் நேரம் யாது என ஆசிரியர் வினவுதல் இயல்பே. கவலையுற்ற பிள்ளைக்குச் செலவிட்ட பாடமோ செவியில் ஏறுவதில்லை. ஆகவே அந்நேரம் முன்னரே இழக்கப்படுகின்றது. நாள்தோறும் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் ஐந்து நிமிடத்தில், பெயருக்கு விடையாக வரும் குரலையும் முகத்தையும் நோக்குதற்கு மேலதிக நேரம் வேண்டுவதில்லை. அவ்வாறு நோக்கிய நாளில், மழைக்காலை வயிற்றுவலிக்காரியை அழைத்து, "அம்மா இன்னைக்கு எந்த மலையில கொழுந்து எடுக்கிறாங்க?" என்று ஆசிரியை ஒருமுறை கேட்டால், மறைந்து கிடந்த கவலையின் நுனி வெளிப்படலாம். "மேட்டு மலையில டீச்சர்... அங்கதான் மண்ணு வெடிச்சிருக்குன்னு தாத்தா சொன்னாரு" என்னும் மறுமொழி வருமாயின், அதனால் அறியப்படுவது பிள்ளையின் கவலை மட்டும் அன்று, வெடித்த நிலத்தைப் பற்றித் தோட்டத்தாரும் கிராம அலுவலரும் உடனே அறியவேண்டிய செய்தியும் அதுவே. பிள்ளைகளின் கவலையைச் செவிமடுத்தல் பிள்ளைகளுக்கு மட்டும் பயன் தருவதன்று.